மூக்கின் மேல் விழுந்த பழி

நுண்ணுயிரியல் துறையில் சில வாரங்களாகக் கல்ச்சர் செத்துக்கொண்டிருந்தது.

வராந்தாவின் மறுமுனையில் இருந்த வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "எங்க பக்கமும் அப்படித்தான், உள்ள நுழைஞ்சா ஒருத்தனும் எழுந்து நிக்கிறதில்ல" என்று அனுதாபம் சொல்லிவிட்டுப் போனார். செத்தது அந்தக் கல்ச்சர் இல்லை. குடுவைகளில் வளர்த்த பாக்டீரியா.

சாயங்காலம் ஒரு சொட்டுப் பாக்டீரியாவைச் சத்து நீரில் விட்டு, குடுவையை ஷேக்கரில் ஆட வைத்துவிட்டுப் போனால், காலையில் அது பால் கலந்த தண்ணீர் போலக் கலங்கியிருக்க வேண்டும். முதுகலை மாணவர்கள் அத்தனை பேருடைய ஆய்வும் அந்தக் கலங்கலை நம்பித்தான் இருந்தது. இப்போதோ காலையில் வந்து பார்த்தால் குடுவை பளிங்கு மாதிரி தெளிந்து கிடந்தது. உள்ளே சில நூலாம்படைகள் மட்டும் மிதந்தன. கோடானு கோடி பாக்டீரியாக்கள் வெடித்துச் செத்த பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான்.

பழியை யார் தலையில் போடுவது என்பதில் யாருக்கும் குழப்பமே இருக்கவில்லை. ஹச்சு இருக்கவே இருந்தாள்.

ஹச்சு என்பது அவள் பெயரில்லை, அவளிடமிருந்து வரும் சத்தம். தூசு, பூ, பழைய புத்தகம், புதிய புத்தகம், வாசனைத் தைலம், பூனை என்று எது எதிரே வந்தாலும் அவளுக்குத் தும்மல் வரும். ஒன்றோடு நிற்காது, ரயில் பெட்டி மாதிரி தொடர்ந்து வரும். ஒவ்வாமை. கிருமி வந்தால் பிடிப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் காவல் படை, அவள் விஷயத்தில் கொஞ்சம் மூளை குறைந்த படை. திருடன் முன்வாசல் வழியாக மூட்டையோடு போவான், இவர்கள் பால் ஊற்ற வந்தவனைப் பிடித்து வைத்துக் கும்முவார்கள். இந்த மடத்தனம் ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் நோய் எதிர்ப்பியலை விரும்பி எடுத்துப் படிக்க வந்தாள். படிப்பு நன்றாகத்தான் ஏறியது. மூக்குக்கு மட்டும் அது புரியவில்லை.

துறைத் தலைவரை மாணவர்கள் ஸ்டெரைல் சார் என்று அழைத்தார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்பதால் அந்தப் பட்டப்பெயருக்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. கிருமி இல்லாத சுத்தம் என்பதுதான் பொருள். ஆய்வகத்துக்குள் மோதிரம் கூடாது, செல்போன் கூடாது, தலைமுடி காற்றில் ஆடக் கூடாது, அவசியமில்லாமல் மூச்சு விடவும் கூடாது. குடுவையின் வாயை நெருப்பில் காட்டாதவனைப் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார். மாணவர்களின் சுத்தத்தில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இருந்ததில்லை. அதனால் கடைசியாக ஒரு சுற்று தானே வருவார். கோட்டுப் பையிலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த கைக்குட்டையை எடுத்து, குடுவைகளின் வாயைத் துடைத்து, பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டுகளின் மூடியில் உட்புறம் கோத்திருக்கும் ஈரத்தை ஒற்றியெடுத்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். நல்ல மனிதர். பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சும் கேட்கும். தான் சொன்னதைத் தானே ரசிப்பார் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

அன்று காலையும் குடுவைகள் தெளிந்து கிடந்தன. ஸ்டெரைல் சார் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"தெளிஞ்ச தண்ணியில ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குடுவையில விட்டேன். அதுவும் செத்துச்சு. அதுலேர்ந்து ஒரு சொட்டு இன்னொண்ணுல. அதுவும் போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"விஷம் சார்" என்றான் ஈஸ்ட். ஹச்சுவின் மேசைக் கூட்டாளி. கொஞ்சம் கதகதப்பாக யாராவது நாலு வார்த்தை பேசினால் உப்பிவிடுவான் என்பதால் அந்தப் பெயர்.

"விஷமா இருந்தா தண்ணி சேரச் சேர வீரியம் குறையணும். இது குறையல. போற இடத்துலல்லாம் பெருகுது. பெருகிற விஷம் எது?"

"வைரஸ்" என்றாள் ஹச்சு. அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. அடக்கிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. முழு ரயிலும் ஓடி முடிந்த பிறகு அறையில் இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் லேப் அக்கா. ஆய்வகப் பொருள்களுக்குப் பொறுப்பான அவர், எது நடந்தாலும் அப்பவே சொல்லியிருப்பார். "இந்தப் பொண்ணு மூக்குல இல்லாத வைரஸா?"

"அக்கா, மனுஷனுக்கு வர்ற சளி வைரஸ் பாக்டீரியாவைத் தொடக்கூடத் தொடாது. அதுங்க ஜாதகமே வேற" என்றாள் ஹச்சு. "சார்தான் சொல்லிக் கொடுத்தாரு."

"சொன்னேன்" என்றார் ஸ்டெரைல் சார். "மூக்குக்குள்ள பாக்டீரியா குடியிருக்கு, பாக்டீரியா இருக்கிற இடத்துல அதைத் தின்னுற வைரஸும் இருக்கும்னும் நான்தான் சொன்னேன். அதை ஏன் மறந்துட்டே?"

சார் தாடையைத் தடவினார்.

"நான் யாரையும் சும்மா குத்தம் சொல்ற ஆள் இல்ல. சோதனை பண்ணிடுவோம். தட்டுல பாக்டீரியாவைப் பரப்பி வைங்க. பாதித் தட்டுங்கள்ல இவ தும்மட்டும், மீதித் தட்டுங்க சும்மா இருக்கட்டும். மறுநாள் பாக்டீரியாப் படலத்துல ஓட்டை விழுந்திருந்தா வைரஸ் இருக்குன்னு அர்த்தம். விழலைன்னா இவ மேல தப்பில்ல."

நியாயமான யோசனை. ஹச்சுவுக்கே அது பிடித்திருந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுகளின் முன் குனிந்தாள். வகுப்பே சுற்றி நின்றது.

தும்மல் வரவில்லை.

பிறந்ததிலிருந்து கூப்பிடாமலே வந்த தும்மல், விருந்துக்கு அழைத்ததும் முறுக்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி நின்றுவிட்டது. ஈஸ்ட் பழைய தேர்வுத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே தட்டினான். ஒருத்தி பஞ்சால் மூக்கைச் சீண்டினாள். இன்னொருத்தி தன் கூந்தலையே நீட்டினாள். லேப் அக்கா மிளகுத்தூள் கொண்டுவந்தார். அதில் லேப் அக்காவுக்குத்தான் தும்மல் வந்தது.

"நடிக்கிறா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தும்மாம இருக்கிறது எப்படிக்கா நடிப்பாகும்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள் ஹச்சு.

சோதனை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். வீட்டில் அவர்கள் இருவர்தான். அம்மா ஒரு மெத்தை நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மெத்தை குழிவிழுந்தவர்களும், மெத்தையால் முதுகு போனவர்களும், மெத்தையால் குடும்பமே போனதாகச் சொல்கிறவர்களும் அவள் காதுக்குள் கத்துவார்கள். அவள் குரல் ஒரு துளியும் உயராது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உண்மையாகவே கோபம் வந்தால் அம்மா மகளை "நீங்கள்" என்பாள்.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறேன்" என்றாள் அம்மா.

"அம்மா, என்மேல ஏன் கோவப்படுறே?"

"உங்கமேல இல்ல. அந்த சார் மேல." பிறகு சாதாரணக் குரலுக்கு வந்தாள். "தும்மல் வரணும், அவ்வளவுதானே? நாளைக்கு நான் வரேன்."

"காலேஜுக்கா? வேணாம்மா, மானம் போயிடும்."

"இருந்தாத்தானே போறதுக்கு? ஊரே உன் மூக்கைப் பத்திப் பேசுது."

மறுநாள் அம்மா ஒரு பெரிய நெகிழிப் பையோடு துறைக்குள் நுழைந்தாள். கிடங்கிலிருந்து வாங்கி வந்த, வாடிக்கையாளர் ஒருவர் திருப்பி அனுப்பிய மெத்தையின் உள்பஞ்சு அதில் இருந்தது. திருப்பி அனுப்பக் காரணம் அதிலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது: 'தூங்க முடியவில்லை.'

"இவதான் என் பொண்ணு. இது மெத்தை. எங்க வெச்சு உதறட்டும் சார்?" என்று ஸ்டெரைல் சாரிடம் கேட்டாள்.

கிருமி இல்லாத ஓர் ஆய்வகத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை. ஆய்வகத்துக்கு வெளியே, வராந்தாவில் ஒரு மேசையைப் போடச் சொன்னார். தும்மல் தட்டுகள் மேசைமேல் அடுக்கப்பட்டன. சும்மா இருக்க வேண்டிய தட்டுகள் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தன.

அம்மா பஞ்சை எடுத்து உதறினாள்.

ஹச்சு தும்மினாள். அது அவள் வாழ்நாளில் தும்மியதிலேயே சிறந்த தும்மல். தட்டுக்குத் தட்டு நகர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, வஞ்சகமில்லாமல் தும்மினாள். ஈஸ்ட் பக்கத்தில் நின்று மூடிகளைத் திறந்து திறந்து மூடினான். தூசு வராந்தா முழுக்கப் பரவியது. லேப் அக்கா தும்மினார், வகுப்பு தும்மியது, வரலாற்றுத் துறையில் யாரோ தும்முவது கேட்டது. ஸ்டெரைல் சாரே முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிகக் கட்டுப்பாடாக, ஒரு முறை தும்மினார். அம்மா ஒருத்திதான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றாள். மெத்தை நிறுவனத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

தூசு அடங்கியதும் தும்மிய தட்டுகளையும் உள்ளே கொண்டுபோனார்கள். சார் வழக்கம்போல எல்லா மூடிகளின் உட்புற ஈரத்தையும் ஒற்றியெடுத்து, கையோடு இளஞ்சூடு காக்கும் இன்குபேட்டரில் அடுக்கினார். தும்மியவை மேலே, தும்மாதவை கீழே.

"நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

மறுநாள் தெரிந்துவிட்டது. இன்குபேட்டரிலிருந்து எடுத்த முதல் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பனிப்படலம் போலப் பரவியிருந்த பாக்டீரியாவில் ஊசியால் குத்தியதுபோலப் பொத்தல் பொத்தலாக ஓட்டைகள். அடுத்ததிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும்.

"பாத்தீங்களா?" என்றார் லேப் அக்கா. "நான் அப்பவே…"

சார் மேலே இருந்த தட்டுகளோடு நிறுத்திக்கொண்டார். முகத்தில் வெற்றி இல்லை, சங்கடம்தான் இருந்தது. ஹச்சுவை அறைக்கு அழைத்து மென்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"உன்னைக் கெட்டவள்னு யாரும் சொல்லல. உன் உடம்பு அமைப்பு அப்படி. இனிமே நீ ஆய்வகத்துக்குள்ள வர வேணாம். நூலகத்துல உக்காந்து கட்டுரை எழுது. நல்ல தலைப்பு இருக்கு, கை கழுவுதலின் வரலாறு."

"சார், எனக்கு ஆய்வகத்துல வேலை செய்யணும்னுதான்…"

"தெரியும்மா. ஆனா மத்தவங்க படிப்பும் இருக்கே."

அன்று வீட்டில் ஹச்சு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அம்மா கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க" என்றாள். "உனக்குப் பொறுமை இருக்கு. குரலும் நல்லா இருக்கு. மூக்கடைப்பு இருந்தா இன்னும் இனிமையா கேக்கும்."

"நான் மெத்தைப் புகார் கேக்கறதுக்காம்மா வைரஸ் படிச்சேன்?"

"நான் என்னவெல்லாமோ ஆகணும்னு நெனச்சேன். இப்ப மெத்தைப் புகார் கேக்கலயா? யாரும் செத்துடல." மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "நெஜமாவே உன் மூக்குலேர்ந்துதான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"தட்டு அப்படித்தான் சொல்லுது."

"தட்டை விடு. நீ என்ன சொல்றே?"

ஹச்சு போர்வைக்குள்ளிருந்தே யோசித்தாள். இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு அறிவியலில் என்ன செய்ய முடியும்? தனக்கு மூக்கில் ஓட்டை இரண்டுதான், தட்டில் இருந்தது எக்கச்சக்கம் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. பிறகு அழுகை வந்தது.

அடுத்த நாள் லேப் அக்கா கூப்பிட்டு அனுப்பினார். நல்லது செய்வதற்காக இல்லை. "உன் எச்சில் தட்டெல்லாம் நீயேதான் வந்து எடுத்துப் போடணும். நான் தொட மாட்டேன். முகமூடி போட்டுக்கிட்டு வா, எதையும் பாத்து மூச்சு விடாதே."

ஹச்சு முகமூடி அணிந்து, கையுறை மாட்டி, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழிவுப் பைக்குள் போட்டாள். தும்மிய தட்டுகள் தீர்ந்தன. அடியில் தும்மாத தட்டுகள் இருந்தன. தான் தொடாத, தன் மூச்சுக் காற்றுகூடப் படாத தட்டுகளையாவது ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவோம் என்று ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள்.

ஓட்டைகள்.

இன்னொன்றை எடுத்தாள். ஓட்டைகள். எல்லாவற்றிலும் ஓட்டைகள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த தட்டுகளில் வைரஸ் எப்படி வந்தது? அவள் தும்மாமலே வந்தது என்றால், தும்மியதால் வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இத்தனை படித்தவர்கள் கூடி நின்று, மேல் தட்டைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டு, கீழ்த் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை.

ஓடிப்போய் ஈஸ்டைப் பிடித்தாள். தட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. மகிழ்ச்சியில் இல்லை.

"ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"அடிப்பேன். சொல்லு."

"நீ தும்மின தட்டுல ஒண்ணு சார்கிட்ட போகவே இல்ல. தூசுக்குப் பயந்து ஓடினப்போ கையில இருந்ததை அப்படியே நம்ம வகுப்பு ஜன்னல்ல வெச்சேன். அப்புறம் மறந்துட்டேன். சார் திட்டுவாருன்னு சொல்லல."

"எங்க அது?"

இன்னும் ஜன்னலிலேயே இருந்தது. வெயில் படும் ஜன்னல். ஹச்சு மூடியோடு தூக்கிப் பார்த்தாள். பாக்டீரியாப் படலம் கொஞ்சம் தாமதமாக, ஆனால் முழுசாக, ஒரு பொத்தல் இல்லாமல் வளர்ந்திருந்தது. அதன்மேல் மஞ்சளும் வெள்ளையுமாக அவள் மூக்கிலிருந்து குடிவந்தவர்கள் திட்டுத்திட்டாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். பார்க்கக் குமட்டியது. ஹச்சு அதை இதுவரை எந்தப் பூவையும் பார்க்காத ஆசையோடு பார்த்தாள்.

"என் மூக்கு அசிங்கம்தான்" என்றாள். "ஆனா குத்தவாளி இல்ல."

"அப்போ யாரு?"

இருவரும் வகுப்புப் படிகளில் உட்கார்ந்து யோசித்தார்கள். தும்மிய தட்டு, தும்மாத தட்டு, எல்லாம் கெட்டது. இது மட்டும் கெடவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நடந்து இதற்கு மட்டும் நடக்காதது எது? இன்குபேட்டர் என்றான் ஈஸ்ட். இன்குபேட்டருக்குள் மூடிய தட்டு. வைரஸ் உள்ளே எப்படிப் போகும்? யாராவது மூடியைத் திறந்திருக்க வேண்டும்.

ஹச்சுவின் கண் விரிந்தது. ஈஸ்டும் அதே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கைக்குட்டை" என்றாள் ஹச்சு.

"ஸ்பிரிட் போட்டு வெச்சிருக்காரே."

"கொழுப்பு உறை போட்ட வைரஸ்னா ஸ்பிரிட்ல கரைஞ்சிடும். உறை இல்லாத வைரஸுக்கு ஸ்பிரிட்டு வெறும் குளியல்னு யாரு சொன்னது?"

"சார்" என்றான் ஈஸ்ட் பரிதாபமாக. "அதைச் சொல்லிட்டு அவரே ரெண்டு நிமிஷம் சிரிச்சாரு."

எலிகள் கூடி முடிவெடுத்தாகிவிட்டது. பூனையின் கழுத்தில் மணி கட்டுவது யார்? முதலில் தந்திரம் செய்து பார்த்தார்கள். ஹச்சு வராந்தாவில் சார் வரும்போது பெரிதாகத் தும்மி, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கோட்டுப் பையை ஏக்கமாகப் பார்த்தாள். கைக்குட்டை கேட்டு வாங்கிவிடலாம் என்ற எண்ணம். ஸ்டெரைல் சார் தள்ளி நின்று அவளை உற்றுப் பார்த்தார்.

"இது பொய்த் தும்மல். இத்தனை நாள் கேட்ட எனக்குத் தெரியாதா?"

வேறு வழியில்லை. ஹச்சு அவர் அறைக்குள் போய், மேசைமேல் மூன்று தட்டுகளை வைத்தாள். "இது தும்மினது. இது தும்மாதது. இது தும்மி, நீங்க மூடியைத் துடைக்காதது."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மூன்றாவது தட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். முதலில் அவர் காது மடல்கள் சிவந்தன. பிறகு கழுத்து. கதவோரம் நின்ற ஈஸ்ட், ஓடத் தயாராகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சொல்ல வரே?" என்றார்.

"சொல்ல வரல சார். கைக்குட்டையோட ஒரு முனை வேணும். சோதனை பண்ணணும்."

வேலியே பயிரை மேய்ந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும் துணிச்சல் அவளுக்கு இல்லை. கேட்டிருந்தால்கூட அவருக்குக் காதில் விழுந்திருக்காது. அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரித்து, யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நெருப்பில் காட்டினார். பழக்கதோஷம். ஒரு முனையை வெட்டி, அவரே சத்து நீர் இருந்த சோதனைக் குழாய்க்குள் போட்டார்.

"ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு கைக்குட்டை வேணும்" என்றார் வறண்ட குரலில். "டேய், உன்னுது குடு."

ஈஸ்ட் தயங்கித் தயங்கிக் கொடுத்தான்.

இரண்டு கைக்குட்டைகளும் ஊறிய நீரில், பாக்டீரியா போகாத, ஆனால் வைரஸ் புகுந்து போகும் வடிகட்டியில் ஒரு பங்கை வடித்துத் தட்டில் பரப்பிய பாக்டீரியாமேல் விட்டார்கள். வடிக்காத மிச்சத்தில் வேறென்ன வளர்கிறது என்று பார்க்க இன்னொரு தட்டு. மறுநாள் வகுப்பு முழுவதும் கூடியது. சாரின் கைக்குட்டை நீரை வடித்து விட்ட தட்டில் ஓட்டைகள் இல்லை. ஓட்டை போடப் படலமே இல்லை. தட்டு மொத்தமும் துடைத்து வைத்த கண்ணாடி. ஈஸ்டின் கைக்குட்டை நீரை வடித்து விட்ட தட்டில் படலம் சேதமில்லாமல் இருந்தது. ஆனால் ஈஸ்டின் கைக்குட்டையிலிருந்து வடிக்காமல் வளர்த்த தட்டில் பச்சையும் கறுப்புமாக எழும்பியிருந்ததைப் பார்த்து லேப் அக்கா அலறிவிட்டார். அந்தத் தட்டைத் திறக்காமலே கிருமி கொல்லும் அழுத்தக் கொதிகலனுக்கு அனுப்பினார்கள். கைக்குட்டையும் கூடவே போனது.

"ஆனா இந்த வைரஸ் சார் கைக்குட்டைக்கு எப்படிப் போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் யோசித்தார்கள். லேப் அக்காதான் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பருவத் தொடக்கத்துல இளநிலைப் பசங்க ஆராய்ச்சிக்குச் சாக்கடைத் தண்ணி கொண்டுவந்தாங்களே, பாட்டில் உடைஞ்சு மேசையெல்லாம் கொட்டுச்சே. யாரும் கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டு சார்தானே துடைச்சாரு!"

எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைக்குட்டையால்தான் சார் குடுவைகளைத் துடைத்தார், மூடிகளைத் துடைத்தார். தேநீர் குடித்துவிட்டு மீசையையும் அதனால்தான் துடைத்தார்.

"ஸ்பிரிட்ல அலசினேன்" என்றார் ஸ்டெரைல் சார் மெதுவாக. தன் பாடத்தைத் தானே மறந்த மனிதரின் குரல் அது. "ஒவ்வொரு நாளும் அலசினேன்."

"அக்கா, நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான் ஈஸ்ட். லேப் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் எந்தக் கிருமியும் தப்பியிருக்காது.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பைப் பார்த்து நின்றார். "தவறு ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அதன் விளைவாக ஒரு மாணவிமீது பழி சுமத்தப்பட்டிருக்கிறது." மேடையில் பேசுகிற தமிழ். தவறு தானே நடந்து, பழி தானே ஏறி உட்கார்ந்தது போல. சொல்லிவிட்டு அவருக்கே அது போதவில்லை போலும். ஹச்சுவின் பக்கம் திரும்பினார். "நான்தாம்மா. என் வேலைதான். கீழ்த் தட்டைப் பாத்திருக்கணும். முதல் வருஷப் பசங்க இப்படிப் பண்ணினா நான் சும்மா விட மாட்டேன்."

ஹச்சு தலையை ஆட்டினாள். இத்தனை நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்த சுடுசொற்கள் எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. அவர் அவமானப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். பட்டுவிட்டார். பார்க்க அப்படியொன்றும் சுகமாக இல்லை.

"அம்மாகிட்டயும் சொல்லணும் சார்" என்றாள் கடைசியில். "அவங்கதான் மெத்தை தூக்கிட்டு வந்தாங்க."

அவர் அப்போதே அம்மாவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். புகார் தர எண் ஒன்றை அழுத்தச் சொன்னது; அழுத்தினார். காத்திருக்கச் சொல்லி இசை போட்டது, காத்திருந்தார். நெடுநேரம் கழித்து அம்மா வந்தாள். அவர் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அம்மா குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டாள்.

"உங்க மனக்குறை புரியுது சார்" என்றாள். "வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டார். நெற்றி வியர்த்திருந்தது. துடைக்கக் கைக்குட்டை இல்லை.

ஆய்வகத்தைக் கழுவித் துடைத்து வெளுத்து, பழைய சேமிப்பிலிருந்து புதிய கல்ச்சர் எடுத்தார்கள். குடுவைகள் கலங்கின. மாணவர்கள் கலங்கிய குடுவையைப் பார்த்து மகிழ்வதைக் கண்ட வரலாற்றுப் பேராசிரியர், இந்தத் துறையோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார். கை கழுவுதலின் வரலாறு ஈஸ்டுக்குப் போனது. தட்டை ஜன்னலில் மறந்ததற்காக இல்லை, கைக்குட்டைக்காக.

ஹச்சுவுக்குப் புதிய ஆய்வுத் தலைப்பு கிடைத்தது: அந்த வைரஸேதான். ஒரு ஸ்பிரிட்டுக்கும் பணியாத, இத்தனை வாரம் ஒரு துறையையே ஆட்டி வைத்த அதை, குடும்பம் எது, குணம் எது, எந்தப் பாக்டீரியாவின் எந்தக் கதவைத் தட்டி உள்ளே போகிறது என்று அவள் விசாரிக்க வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு செய்தாள். மூக்குக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டாள். சில நாட்கள் வைரஸ் ஒத்துழைத்தது, சில நாட்கள் இல்லை. ஒரு தடவை மொத்தச் சேமிப்பையும் தவறுதலாகக் கொதிக்கவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்போது சார் திட்டாமல் தன் பக்கத்து மேசையைக் காலி செய்து கொடுத்தார்.

பருவ இறுதியில் பெரிய எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் கட்டிடத்துக்கு ஹச்சுவும் சாரும் வைரஸ் மாதிரியை எடுத்துக்கொண்டு போனார்கள். இருட்டான சிறிய அறை. நுண்ணோக்கியை இயக்குகிறவர் திரையைக் கூர்மையாக்கிக்கொண்டே போனார். சாம்பல் நிற மணல் மாதிரி ஏதேதோ நகர்ந்தது. பிறகு நின்றது.

பட்டை தீட்டிய கல் மாதிரி ஒரு தலை. அதற்குக் கீழே நீளமாக ஒரு வால். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு பாக்டீரியாவின் உடைந்த கூட்டைச் சுற்றி, சந்தை கலையும்போது நிற்கிறவர்கள் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

ஹச்சு மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெரைல் சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார், "சனியன்."